ரவுட்டர் வாங்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் வீட்டைப் பாருங்கள்!



அரபு இலக்கணமும் இஸ்லாம் பாடமும் கற்பிக்கின்ற ஒரு மௌலவிக்கு ரவுட்டர் பற்றி எழுத என்ன இருக்கின்றது என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். நான் பொறியியலாளன் அல்லன். எனினும் ஒரு பொருளைப் பற்றி அறியாமல் வாங்கிப் பணத்தை இழந்து, பின்னர் அதைப் பற்றிப் படித்து அறிந்து கொண்டவன். அந்த அனுபவம் உங்களுக்குப் பயன்படட்டும் என்றே இதனை எழுதுகின்றேன்.

எங்கள் வீட்டின் பின் அறையில் என் உம்மா இருக்கின்றார். வயது எண்பதை நெருங்குகின்றது. என் தம்பி வளைகுடா நாடொன்றில் தொழில் புரிகின்றான். அங்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று ஜும்ஆ முடிந்து அறைக்கு வந்ததும் அவன் உம்மாவைக் காணொளியில் அழைப்பான். இங்கு அப்போது அஸர் நேரம். உம்மா வுழூச் செய்து, முந்தானையைச் சரிசெய்து, தொலைபேசியை மடியில் வைத்துக் கொண்டு காத்திருப்பார். அழைப்பு வரும். இரண்டு நிமிடம் பேசுவார்கள். பிறகு தம்பியின் முகம் அசையாமல் நின்றுவிடும். குரல் துண்டு துண்டாக வரும். அழைப்பு அறுந்து போகும்.

ஒரு நாள் உம்மா என்னிடம் கேட்டார்: "கதெச்சிட்டு இருக்கக்கொள்ளயே வெச்சிட்டானே மகன், என்னோட கோவமா?"

அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. மறுநாளே இணைப்பைப் பெரிய பக்கேஜுக்கு மாற்றினேன். மாதாந்தக் கட்டணம் கூடியது; பின் அறையில் எந்த மாற்றமும் இல்லை. அடுத்து ஒரு கடைக்குச் சென்று, "நல்ல ரவுட்டர் ஒன்று தாருங்கள்" என்றேன். நான்கு அன்டெனாக்கள் நீட்டிக் கொண்டிருந்த ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்கள். விலை எனது மாதச் சம்பளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வாங்கி வந்து, பழையது இருந்த அதே இடத்தில், முன் மண்டபத்துத் தொலைக்காட்சியின் பின்னால் வைத்தேன். வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டு நிமிடத்தில் தம்பியின் முகம் அசையாமல் நின்றது.

சில வாரங்களின் பின் என் பழைய மாணவர் ஒருவர் தனது திருமணத்துக்கு அழைப்பதற்காக வந்தார். கணனி வலையமைப்பு வேலை செய்பவர். பேச்சோடு பேச்சாக விடயத்தைச் சொன்னேன். அவர் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் மூன்று இடங்களில் வேகத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஹஸ்ரத், லைன்ல குற்றமில்ல, ரவுட்டர்லயும் குற்றமில்ல. உங்கட வீட்டுச் சுவர்லதான் குற்றம்" என்றார்.

வாசகர்களே! நோய் எங்கே என்று பாராமல் மருந்து வாங்கியதுதான் நான் செய்த தவறு. நம்மில் அநேகர் இவ்வாறே செய்கின்றோம். எனவே ரவுட்டர் வாங்குவதற்கு முன் நாம் அறிந்திருக்க வேண்டிய விடயங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மூன்று வேலைகள், ஒரு பெட்டி

நாம் பொதுவாக "ரவுட்டர்" என்று அழைக்கின்ற பெட்டி உண்மையில் மூன்று வேலைகளைச் செய்கின்றது. முதலாவது, வெளியிலிருந்து வருகின்ற சமிக்ஞையை நமது சாதனங்கள் விளங்கிக் கொள்ளும் வடிவத்துக்கு மாற்றுவது. இது மோடத்தின் வேலை. இரண்டாவது, அந்த ஓர் இணைப்பை வீட்டிலுள்ள பல சாதனங்களுக்குப் பங்கிட்டு, யாருக்கு வந்த தகவல் யாரிடம் போக வேண்டும் என்று தீர்மானிப்பது. இதுவே ரவுட்டரின் வேலை. மூன்றாவது, கம்பியின்றி அலைகள் மூலம் அதனை அறைகளுக்குக் கொண்டு செல்வது. இது வைஃபையின் வேலை.

ஒரு தபாற்கந்தோரை நினைத்துக் கொள்ளுங்கள். ஊருக்கு மூட்டையைக் கொண்டு வருகின்ற வாகனம் மோடம். மூட்டையைப் பிரித்து விலாசம் பார்த்து அடுக்குகின்றவர் ரவுட்டர். சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டு கொடுக்கின்ற தபாற்காரர் வைஃபை. கடிதம் தாமதித்தால் மூவரில் யார் தாமதித்தார் என்று விசாரிக்க வேண்டாமா? வாகனம் தாமதித்ததற்காகத் தபாற்காரருக்குப் புதிய சைக்கிள் வாங்கிக் கொடுத்து என்ன பயன்?

நோயைக் கண்டறியும் மூன்று சோதனைகள்

என் மாணவர் செய்த சோதனையை நீங்களும் பத்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம். வேகத்தை அளக்கின்ற இலவசச் செயலிகள் பல உள்ளன. சோதிக்கும் போது வீட்டில் வேறு எவரும் இணையத்தைப் பாவிக்காமல் இருப்பது நல்லது.

முதற் சோதனை: மடிக்கணனி ஒன்றை லான் கேபிள் மூலம் நேரடியாக ரவுட்டரில் இணைத்து அளவிடுங்கள். இது உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்கின்ற உண்மையான வேகம்.

இரண்டாம் சோதனை: ரவுட்டரிலிருந்து இரண்டு மூன்று அடி தூரத்தில் நின்று தொலைபேசியில் வைஃபை மூலம் அளவிடுங்கள்.

மூன்றாம் சோதனை: பிரச்சினை உள்ள அறைக்குச் சென்று, கதவை மூடிக் கொண்டு அளவிடுங்கள்.

முதற் சோதனையிலேயே வேகம் குறைவு என்றால் பெரும்பாலும் குற்றம் லைனில் அல்லது பக்கேஜில் இருக்கின்றது. எவ்வளவு விலை கொடுத்து ரவுட்டர் வாங்கினாலும் பயன் இல்லை. இணைப்பை வழங்கும் நிறுவனத்திடம் முறையிட வேண்டும். மாதாந்த டேட்டா அளவு முடிந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கின்றதா என்பதையும் பாருங்கள். முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது மிகக் குறைந்தால் ரவுட்டரோ உங்கள் தொலைபேசியோ பழையதாக இருக்கலாம். முதல் இரண்டும் நன்றாக இருந்து மூன்றாவதில் மட்டும் வீழ்ந்தால் குற்றம் தூரத்திலும் சுவரிலும்தான்.

எங்கள் வீட்டில் கேபிளில் 48 மெகாபிட், ரவுட்டரின் அருகில் 45 மெகாபிட், உம்மாவின் அறையில் வெறும் 2 மெகாபிட். அதுவும் விட்டு விட்டு வந்தது. நல்லதொரு காணொளி அழைப்புக்கு 2 முதல் 4 மெகாபிட் வரை போதுமானது. ஆனால் அது தடையின்றி வர வேண்டும். அப்படியானால் நான் கூடிய பணம் கட்டிப் பெற்ற பெரிய பக்கேஜினால் உம்மாவுக்குக் கிடைத்தது என்ன? ஒன்றுமே இல்லை.

இங்கு ஒரு சிறு விளக்கம். மெகாபிட் வேறு, மெகாபைட் வேறு. 8 மெகாபிட் சேர்ந்தால்தான் 1 மெகாபைட். எனவே 40 மெகாபிட் இணைப்பில் ஒரு கோப்பு செக்கனுக்கு 5 மெகாபைட் அளவில் இறங்குகின்றது என்றால், உங்களை யாரும் ஏமாற்றவில்லை, கணக்கு சரிதான்.

சுவர்களும் அலைகளும்

இன்றைய வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலானவை இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. ஒன்று 2.4 கிகாஹேர்ட்ஸ், மற்றது 5 கிகாஹேர்ட்ஸ். 2.4 தூரம் செல்லும். சுவர்களையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் வேகம் குறைவு, நெரிசல் அதிகம். அயல் வீடுகளின் ரவுட்டர்கள், புளூடூத் கருவிகள் ஆகியன இதே வரிசையில்தான் இயங்குகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ 2.45 கிகாஹேர்ட்ஸில்தான் வேலை செய்கின்றது. குசினியில் சோறு சூடாக்கும் போது பக்கத்து அறையில் இணையம் தடுமாறுவது இதனால்தான். 5 கிகாஹேர்ட்ஸோ வேகமானது, நெரிசல் குறைந்தது. ஆனால் இரண்டு சுவர்களைக் கடப்பதற்குள் களைத்துவிடும்.

பலகைத் தடுப்புச் சுவர் அலைகளை அதிகம் தடுக்காது. கல்லும் சீமெந்தும் தடுக்கும். கம்பி கட்டி ஊற்றிய கொங்கிறீட் தட்டு மிக அதிகமாகத் தடுக்கும். ஆகவேதான் கீழ் மாடியில் உள்ள ரவுட்டர் மேல் மாடிக்கு எட்டுவதில்லை. இரும்பு அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி, பெரிய நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தாங்கி, மீன் தொட்டி என்பனவும் அலைகளுக்குத் தடைகளே. எங்கள் ரவுட்டருக்கும் உம்மாவின் கட்டிலுக்கும் இடையில் மூன்று கல் சுவர்களும், ஓர் இரும்பு அலுமாரியும், குசினியின் குளிர்சாதனப் பெட்டியும் இருந்தன. அன்டெனா நான்கு இருந்தால் என்ன, எட்டு இருந்தால் என்ன?

எனவே பணம் செலவழிக்கு முன் ரவுட்டரை இடம் மாற்றிப் பாருங்கள். வீட்டின் நடுப்பகுதி, மனிதரின் தோள் உயரம் அல்லது அதற்கு மேல், திறந்த இடம் என்பன பொருத்தமானவை. தொலைக்காட்சியின் பின்னாலும் அலுமாரியின் உள்ளேயும் வைக்காதீர்கள். பார்ப்பதற்கு அழகாக இல்லை என்று சிலர் அதன் மீது துணி போட்டு மூடுகின்றனர். துணி அலையை அவ்வளவாகத் தடுக்காவிட்டாலும் சூட்டை அடைத்து வைக்கும். சூடு சாதனத்தின் ஆயுளைக் குறைக்கும்.

பெட்டியின் மேலுள்ள எண்கள்

கடையில் பெட்டிகளைப் பார்த்தால் "ஏசி 1200", "ஏஎக்ஸ் 1500" என்றெல்லாம் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். 1200 மெகாபிட் வேகம் கிடைக்கும் என்று நம்பி வாங்குவோர் உண்டு. அந்த எண் இரண்டு அலைவரிசைகளினதும் அதிகூடிய கணக்கு வேகங்களின் கூட்டுத்தொகையாகும். ஏசி 1200 என்பது 2.4இல் 300, 5இல் 867. கூட்டி, சுற்றி எழுதினால் 1200. ஒரு தொலைபேசி ஒரே நேரத்தில் பொதுவாக ஒரு வரிசையிலேயே இணைகின்றது. நடைமுறையில் கணக்கு வேகத்தில் பாதி கிடைத்தாலே நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் இணைப்பு 40 மெகாபிட் என்றால் இணையம் உங்களுக்கு 40க்கு மேல் வராது. வாய்க்காலில் வருகின்ற தண்ணீர் அவ்வளவுதான். வயலில் பெரிய மடை கட்டுவதால் தண்ணீர் பெருகாது.

மற்றொன்றையும் அவதானியுங்கள். சில மலிவான ரவுட்டர்களில் வைஃபை வேகம் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் பின்னாலுள்ள லான் துவாரங்களின் வேகம் 100 மெகாபிட் மட்டுமே. 100க்கு மேற்பட்ட பைபர் பக்கேஜ் உள்ளவர் அதனை வாங்கினால் மேலதிக வேகம் அந்தத் துவாரத்திலேயே நின்றுவிடும். அத்தகையோர் "கிகாபிட்" துவாரம் உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். 100க்குக் குறைந்த பக்கேஜ் உள்ளவர்களுக்கு இது ஒரு குறையே அல்ல.

அடுத்தது தலைமுறை. வைஃபை 4 என்பது 2009இலும், வைஃபை 5 என்பது 2013இலும் வந்த தரங்கள். வைஃபை 6 சாதனங்களுக்கான சான்றிதழ் 2019இலும், வைஃபை 7க்கான சான்றிதழ் 2024 ஜனவரியிலும் தொடங்கின. சாதாரண குடும்பம் ஒன்றுக்கு வைஃபை 5 போதுமானது. பல தொலைபேசிகள், கணனிகள், தொலைக்காட்சி எல்லாம் ஒரே நேரத்தில் இயங்கும் வீட்டுக்கு வைஃபை 6 ஏற்றது. பல சாதனங்களைச் சமாளிப்பதற்காகவே அது சிறப்பாக அமைக்கப்பட்டுள்ளது. ஆனால் ரவுட்டர் மட்டும் புதியதாக இருந்தால் போதாது. தொலைபேசியும் அத்தரத்துக்கு உரியதாக இருந்தால்தான் முழுப் பயன் கிட்டும். பழைய தொலைபேசிகள் மட்டுமே உள்ள வீட்டுக்கு வைஃபை 7 ரவுட்டர் வாங்குவது வீண்விரயமாகும்.

உங்கள் இணைப்பு எவ்வகையைச் சேர்ந்தது?

நமது நாட்டு வீடுகளுக்கு புரோட்பேண்ட் இணைப்பு பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகின்றது. ரவுட்டர் வாங்கும் போது பலர் தவறு விடுவது இந்த இடத்தில்தான்.

செப்புக் கம்பியிலான தொலைபேசி லைன் மூலம் வருவது ஏடிஎஸ்எல். இதற்கு மோடம் உள்ளடங்கிய ரவுட்டர் தேவை. அதன் பின்னால் தொலைபேசிக் கம்பி செருகும் சிறிய துவாரம் இருக்கும். பெரிய லான் துவாரங்கள் மட்டுமே உள்ள ரவுட்டரை வாங்கி வந்தால் லைனை நேரடியாகச் செருக இடமிருக்காது. பரிவர்த்தனை நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட ஏடிஎஸ்எல் வேகம் குறையும். மேலேற்றும் வேகமும் இதில் பெரும்பாலும் 1 மெகாபிட் அளவுதான்; நமது முகம் மறுபக்கத்தில் தெளிவாகத் தெரியாததற்கு அதுவும் ஒரு காரணமாகும்.

கண்ணாடி இழை மூலம் வருவது பைபர். இதற்கு நிறுவனமே ஒரு பெட்டியைப் பொருத்தித் தருகின்றது. ஒளியாக வருகின்ற சமிக்ஞையை மின் சமிக்ஞையாக மாற்றுவது அதன் வேலை. பெரும்பாலும் வைஃபையும் அதற்குள்ளேயே இருக்கும். அந்தப் பெட்டியை அகற்ற முடியாது. நாம் வாங்குகின்ற ரவுட்டரை லான் கேபிள் மூலம் அதனுடன் இணைக்க வேண்டும். அவ்வேளையில் புதியதை "அக்சஸ் பொயின்ட்" என்ற நிலையில் வைப்பதே இலகுவானது. இல்லாவிடில் ஒரே வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் விலாசம் கொடுக்கத் தொடங்கும், இரண்டுக்கும் 192.168.1.1 என்ற ஒரே இலக்கம் இருந்தால் குழப்பம் ஏற்படும். ஒரு வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் பாடம் நடத்துவது போன்றதே அது.

மூன்றாவது, சிம் அட்டை மூலம் வருகின்ற 4ஜி இணைப்பு. இதற்கு வீட்டின் நடுப்பகுதி எப்போதும் பொருத்தமான இடமாகாது. கோபுரத்தின் சமிக்ஞை நன்றாக வருகின்ற ஜன்னலோரமோ மேல் மாடியோதான் ஏற்றது. வாங்கும் போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: எல்லா நிறுவனங்களின் சிம்மும் வேலை செய்யுமா, அல்லது ஒரு நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டதா? உங்கள் நிறுவனம் பாவிக்கின்ற 4ஜி அலைவரிசைகளை இது ஏற்குமா? வெளி அன்டெனா பொருத்தத் துவாரம் உண்டா? சமிக்ஞை குறைந்த கிராமங்களில் உள்ளவர்களுக்கு மூன்றாவது கேள்வி மிக முக்கியமானது.

பெரிய வீட்டுக்கு என்ன வழி?

ஒரு ரவுட்டர் எட்டாத வீட்டுக்கு மூன்று வழிகள் உள்ளன.

மலிவானது ரிப்பீட்டர். சுவர்ச் செருகியில் பொருத்தினால் போதும். ஆனால் ஒரே வரிசையில் கேட்டு அதே வரிசையில் திருப்பிச் சொல்கின்ற சாதாரண ரிப்பீட்டரில் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். மேலும் பலர் அதனைச் சமிக்ஞை இல்லாத அறையிலேயே பொருத்துகின்றனர். சமிக்ஞை இல்லாத இடத்தில் அது எதைத் திருப்பிச் சொல்லும்? ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, மெஷ் என்ற கூட்டுப் பெட்டிகள். இரண்டு மூன்று பெட்டிகள் ஒரே பெயரில் ஒன்றாக இயங்கும். நடந்து செல்லும் போது தொலைபேசி ஒன்றிலிருந்து மற்றதற்குத் தானாக மாறும். வசதியானது, ஆனால் விலை அதிகம். கொங்கிறீட் தட்டைத் தாண்ட வேண்டுமாயின் இதற்கும் கேபிள் கொடுப்பதே சிறந்தது.

மூன்றாவது, பழைய முறையான லான் கேபிள். ஒரு கேபிள் 100 மீற்றர் வரை வேகம் குறையாமல் கொண்டு செல்லும். நமது வீடுகளுக்கு இது தாராளம். எங்கள் வீட்டுக்கு என் மாணவர் தெரிவு செய்தது இதைத்தான். கூரையின் கீழால் ஏறத்தாழ 15 மீற்றர் கேபிள் இழுத்து, நான் ஒதுக்கி வைத்திருந்த பழைய ரவுட்டரையே உம்மாவின் அறை வாசலில் அக்சஸ் பொயின்டாகப் பொருத்தினார். செலவு கேபிளுக்கும் இரண்டு முனைகளுக்கும் மட்டும். அதாவது, புதிய ரவுட்டரை நான் வாங்கியிருக்கவே தேவையில்லை!

புதிதாக வீடு கட்டுகின்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மின்சார வயரிங் செய்யும் போதே ஒவ்வொரு மாடிக்கும் ஒரு லான் கேபிளுக்கு வேறு குழாய் பதித்து விடுங்கள். அன்று சிறு தொகையில் முடிகின்ற வேலை, பூசி வர்ணம் அடித்த பின் பெரும் தொல்லையாகிவிடும்.

பூட்டுப் போடாத கதவு

வீட்டுக் கதவுக்குப் பூட்டுப் போடுகின்ற நாம் ரவுட்டருக்குப் போடுவதில்லை. 2016இல் மிராய் என்ற தீய நிரல் உலகெங்கும் ரவுட்டர்களையும் கண்காணிப்புக் கமராக்களையும் கைப்பற்றியது. அது உடைத்துப் புகவில்லை. தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லை உரிமையாளர்கள் மாற்றாமல் வைத்திருந்ததால் திறந்த கதவால் நுழைந்தது. 2018இல் விபிஎன் பில்டர் என்ற மற்றொரு நிரல் 5 இலட்சத்துக்கு மேற்பட்ட சாதனங்களைப் பாதித்தது. அவற்றுள் பெரும்பாலானவை வீடுகளிலும் சிறு காரியாலயங்களிலும் இருந்த ரவுட்டர்கள்.

ஆகவே புதிய ரவுட்டரைப் பொருத்திய அன்றே இரண்டு கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். ஒன்று வைஃபைக்கு உரியது. மற்றது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்கு உரியது. இரண்டாவதைத்தான் அநேகர் மறந்து விடுகின்றனர். பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ 3 அல்லது குறைந்தது டபிள்யூபிஏ 2 இருக்க வேண்டும். டபிள்யூஈபி என்ற பழைய முறை 2001ஆம் ஆண்டிலேயே உடைக்கப்பட்டுவிட்டது. அது மட்டுமே உள்ள பழைய பெட்டியை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். டபிள்யூபிஎஸ் என்ற பொத்தான் வசதியிலுள்ள இரகசிய இலக்க முறையின் பலவீனம் 2011இல் வெளியானது. அதனை நிறுத்தி வைப்பது நல்லது. ரவுட்டரின் உள் மென்பொருளையும் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும். தயாரித்த நிறுவனம் புதுப்பித்தலை நிறுத்திவிட்ட பழைய மாதிரியைப் பாவித்த பொருளாக வாங்குவோர் இதனைக் கவனத்திற் கொள்க.

உங்கள் இணைப்பில் எவர் எதைச் செய்தாலும் விசாரணை முதலில் வருவது இணைப்பு யாருடைய பெயரில் பதியப்பட்டுள்ளதோ அவரிடம்தான். விருந்தினருக்கும் வேலைக்கு வருவோருக்கும் பிரதான கடவுச்சொல்லைக் கொடுக்காமல் "கெஸ்ட்" என்ற விருந்தினர் வலையமைப்பைக் கொடுங்கள். இவ்வசதி உள்ள ரவுட்டரையே தெரிவு செய்யுங்கள்.

அண்டை வீட்டாருடன் பகிரலாமா என்று பலர் என்னிடம் கேட்கின்றனர். கொடுப்பது நல்ல குணம்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை பரீட்சைக்குப் படிக்கின்றது என்றால் கொடுக்க மனம் வருவதே இயல்பு. ஆனால் நிறுவனத்துடன் நீங்கள் செய்த உடன்படிக்கை அதற்கு இடமளிக்கின்றதா என்று முதலில் பாருங்கள். ஒப்புக் கொண்ட நிபந்தனையைப் பேணுவது நம்மீது கடமை. இடமளித்தால் விருந்தினர் வலையமைப்பில், அளவு நிர்ணயித்துக் கொடுங்கள். மறுபுறத்தில், அயலவரின் கடவுச்சொல்லை அவரது பிள்ளையிடம் நைசாகக் கேட்டு வாங்கிப் பாவிப்போர் இருக்கின்றனர். அவர் பணம் கொடுத்து வாங்கிய டேட்டா அவரது சொத்து. அனுமதியின்றி எடுப்பது, மதிலுக்கு மேலால் கையை நீட்டி அவரது மாங்காயைப் பறிப்பதற்குச் சமம். கண்ணுக்குத் தெரியாத பொருள் என்பதால் சட்டம் மாறிவிடாது.

பிள்ளைகளின் பாவனையைக் குறித்த நேரத்துக்கு நிறுத்தும் வசதியும் பல ரவுட்டர்களில் உண்டு. இரவு பத்து மணிக்குப் பிள்ளைகளின் தொலைபேசிகளுக்கு மட்டும் இணையம் நின்றுவிடும்படி அமைக்கலாம். பயனுள்ளதுதான். ஆனால் சிம்மிலுள்ள டேட்டாவை ரவுட்டர் தடுக்காது. பிள்ளையுடன் அமர்ந்து பேசுகின்ற வேலையைப் பெட்டியிடம் ஒப்படைக்க முடியாது.

மின்வெட்டும் மின்னலும்

2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். ரவுட்டருக்கான சிறிய யூபிஎஸ் பெட்டிகளை அன்றுதான் பலர் அறிந்து கொண்டனர். வாங்கும் போது ரவுட்டரின் அடப்டரில் உள்ள வோல்ட் அளவைப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட். சிலவற்றில் 9 அல்லது 5. யூபிஎஸ்ஸின் வோல்ட் அதற்குச் சமமாகவும், அம்பியர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். பைபர் பாவிப்போர் நிறுவனம் தந்த பெட்டிக்கும் இதனைக் கொடுக்காவிட்டால் ரவுட்டர் எரிந்து கொண்டிருக்கும், இணையம் இருக்காது.

ஏப்ரலிலும், மீண்டும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலையில் இடி மின்னல் அதிகம். அவ்வேளையில் மின் செருகியைக் கழற்றி விடுங்கள். ஏடிஎஸ்எல் பாவிப்போர் தொலைபேசிக் கம்பியையும் கழற்ற வேண்டும். மின்னலின் அதிர்ச்சி அதன் வழியாகவும் வரும். ஆளியை மட்டும் அணைத்தல் போதாது. இடிமுழக்கம் கேட்கத் தொடங்கு முன்னரே இதனைச் செய்து விடுங்கள்.

கடைக்குச் செல்லு முன்

இதுவரை கூறியவற்றைச் சுருக்கமாக ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக் கொள்ளுங்கள்.

1. எனது இணைப்பு ஏடிஎஸ்எல்லா, பைபரா, 4ஜியா?
2. பக்கேஜின் வேகம் எத்தனை மெகாபிட்?
3. மூன்று சோதனைகளின் முடிவு என்ன? குற்றம் லைனிலா, பெட்டியிலா, சுவரிலா?
4. ஒரே நேரத்தில் எத்தனை சாதனங்கள் இயங்கும்?
5. இரண்டு அலைவரிசைகளும், டபிள்யூபிஏ 3 அல்லது 2 பாதுகாப்பும், விருந்தினர் வலையமைப்பும் உள்ளனவா?
6. உத்தரவாதம் எத்தனை காலம்? பழுதானால் எங்கே கொண்டு செல்வது?

பற்றுச்சீட்டை மறவாமல் பெற்றுக் கொள்ளுங்கள். பெட்டியையும் உத்தரவாதக் காலம் முடியும் வரை எறிந்து விடாதீர்கள். மூன்றாவது கேள்விக்கு "சுவர்" என்பது விடையானால் ரவுட்டர் வாங்கக் கடைக்குப் போக வேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லாமல் போகலாம். கேபிள் வாங்கினால் போதும்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பின் உம்மாவின் அறையில் பேச்சுச் சத்தம் ஓய்வதில்லை. தம்பி தான் சமைத்த கறியைக் காட்டுகின்றான். உம்மா உப்புப் போதாது என்று திரையைப் பார்த்தே சொல்கின்றார். சென்ற வாரம் பேச்சு முடிவதற்கிடையில் மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிட்டது. "நான் தொழணும் மகன், வெக்கிறேன்" என்று உம்மாதான் அழைப்பைத் துண்டித்தார்.